42 மில்லிமீற்றர் எலும்பு

மகள் கிற்றாரை நிறுத்தப் போறன் எண்டு சொன்னது பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. அவளுக்கு 12 வயது. ஏன் எண்டு கேட்டேன். பதில் நொர்ஸ்கில்தான் வந்தது. தனக்குச் சுருதி பிடிபடாதாம், தன்ர காதே அப்படித்தானாம். "வகுப்பில சரியா வருது, வீட்டில மட்டும் வருதில்லை" எண்டும் சொன்னாள்.

அந்த இரண்டாவது வசனத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிற்சி செய்யாத பிள்ளை சொல்லுகிற சாட்டு எண்டு நினைத்தேன். "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் இருந்து வாசிச்சுப் பார், எல்லாம் வரும்" எண்டு, என்ர அம்மா எனக்குச் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கிற்றார் ஃபின் இணையத்தளத்தில் பழசாக வாங்கியது. 1200 குரோனர். 1954இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவம்தான், பெயர் மட்டும் வேறு. வகுப்பில் பிள்ளைகள் அங்கே இருக்கிற கிற்றார்களை எடுத்து வாசிப்பார்கள். சொந்தக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போகத் தேவையில்லை. வசதிதான். ஆனால் அதனால் ஆசிரியர் எங்கட கிற்றாரை ஒருநாளும் கண்டதில்லை.

ஏப்ரலில் தமிழ்ப் பள்ளி விழா. அதில் மகள் "இளைய நிலா" பாட்டின் கிற்றார்த் தொடக்கத்தை வாசிப்பது எண்டு ஏற்பாடு. 1982இல் வந்த பாட்டு, ஆனால் மண்டபத்தில் இருக்கிற அவ்வளவு பேருக்கும் அந்தத் தொடக்கம் மனப்பாடம். ஒரு சுரம் நகர்ந்தாலும் மாமிமார் தலையைத் தூக்குவினம். கிற்றார் ஆசிரியர் அதைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரிச் சுலபமாக்கி, முதல் இரண்டு மூன்று பிரெட்டுக்குள் வாசிக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் வாசிக்க, என்ர அம்மா சோபாவில் இருந்தபடி, "வடிவாத்தான் இருக்கு குஞ்சு, ஆனா ஏதோ ஒண்டு உதைக்குது" எண்டு சொன்னா. ரியூனரை வைத்துப் பார்த்தால் ஆறு கம்பியும் பச்சை. அப்ப பிழை யாரில்? பிள்ளையில்தான் எண்டு நாங்கள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். பிள்ளையும்தான்.

உண்மையைக் கண்டுபிடித்தது அவளேதான். சினேகிதி ஒருத்தி கேப்போ கொடுத்திருந்தாள். கேப்போ எண்டால் கிற்றாரின் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கவ்வி. அதை முதல் பிரெட்டில் மாட்டி அதே விரலசைவை வாசித்தால் எல்லாம் ஒரு அரைச் சுரம் மேலே போகும், வேறு மாற்றம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலமை அவள் அதை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, ஒருக்கா வந்து கேளுங்கோ." கேட்டேன். உதைக்கவில்லை. கழற்றிவிட்டு வாசித்தாள். உதைத்தது.

திரும்ப ரியூனரை எடுத்துக்கொண்டு இருந்தோம். இந்த முறை வெறும் கம்பியை மட்டும் இல்லாமல், ஒவ்வொரு கம்பியிலும் முதல் பிரெட்டை அழுத்தியும் பார்த்தோம். இரண்டாவது கம்பி வெறுமனே மீட்ட பச்சை. முதல் பிரெட்டை அழுத்தினால் 22 சென்ட் கூட. ஒரு அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட். 22 எண்டால் கிட்டத்தட்ட கால்வாசி. காது உள்ள எவருக்கும் உதைக்கத்தான் செய்யும். பிள்ளையின் காது சரி. அதனால்தான் அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போனது.

காரணம் கிற்றாரின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில், கம்பிகள் கடந்து போகிற ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. ஆங்கிலத்தில் நட். "நட் எண்டா கச்சானா அம்மா?" எண்டு மகள் கேட்டாள். கச்சான் இல்லை. வீணையில் இந்த இடத்துக்கு மேரு எண்டு பெயர் இருக்கிறது. 24 மெட்டுகளும் முடிந்து, கம்பி பிரடைக்குத் திரும்புகிற முன் தாண்டுகிற மேடு. நொர்ஸ்கில் இதைச் சாடெல் எண்டு சொல்லுகிறார்கள், சேணம். எங்கட வாத்தியங்களில் மற்ற முனையில் கம்பியைத் தாங்குவது குதிரை. ஒரு முனையில் நோர்வேக்காரரின் சேணம், மற்ற முனையில் தமிழரின் குதிரை. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

அந்தத் துண்டில் ஆறு கம்பிக்கும் ஆறு வெட்டுகள் இருக்கும். வெட்டு ஆழம் காணாவிட்டால் கம்பி உயரமாக நிற்கும். உயரமாக நிற்கிற கம்பியைப் பிரெட்டில் முட்டும் வரை அழுத்தும்போது அது இழுபடும், இழுபட்டால் சுருதி ஏறும். நட்டுக்குக் கிட்ட இருக்கிற முதல் பிரெட்டுகளில்தான் இது மோசம், மேலே போகப் போகக் குறையும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவுக் கிற்றாரில் நட்டுக்கும் முதல் பிரெட்டுக்கும் இடையில் 36 மில்லிமீற்றர் சொச்சம்தான் தூரம். அந்தக் குறுகிய தூரத்தில் செங்குத்தாகக் கீழே அழுத்துகிறபோது விரலும் நோகும். மகள் விரல் நோகுது எண்டு சொன்னபோதெல்லாம் "கொஞ்ச நாளில காய்ச்சுப் போயிடும்" எண்டு நான் சொன்னதையும் இங்கே சொல்லத்தான் வேணும்.

தொழிற்சாலைகள் மலிவான கிற்றார்களில் வெட்டை வேணுமெண்டே ஆழம் குறைத்து விடுவது வழக்கம். உயரமான நட்டைப் பிறகு அராவிச் சரிசெய்யலாம். பதிந்துபோன நட்டை அராவிச் சரிசெய்ய முடியாது, கம்பி பிரெட்டில் பட்டு இரையும். ஆக, கடையில் இருந்து வருகிற பழகுநர் கிற்றார் பலதும் அரைகுறை வேலையோடுதான் வருகிறது. பழகுகிற பிள்ளைகள் வாசிப்பதோ முழுக்க முழுக்க முதல் மூன்று பிரெட்டுக்குள். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பிள்ளை தன்னில் பிழை எண்டு நினைக்கும்.

எனக்கு என்ர வயலின் ஞாபகம் வந்தது. பத்து வயதில் வாடகைக்கு எடுத்தது. இரண்டு வருஷத்தில் நிறுத்தினேன். அந்த வயலினை ஒருத்தரும் ஒருநாளும் உற்றுப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதில் ஒரு பிழையும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கிற்றார் திருத்துகிறவர் ஒருவரைக் கேட்டேன். எலும்பு நட் செய்து போட 1500 குரோனர், மூன்று கிழமை காத்திருக்க வேணும். நியாயமான விலைதான், அது மணித்தியாலக் கணக்கில் இருந்து செய்கிற கைவேலை. ஆனால் கிற்றாரே 1200. கணக்குச் சரிவரவில்லை. நானே செய்யலாம் எண்டு பார்த்தால் நட் வெட்டுகிற அரங்களுக்குத் தனித் தொகுப்பு விற்கிறார்கள், அதுவும் ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு தடிப்பில் அரம். மெல்லிய கம்பி 0.25 மில்லிமீற்றர், தடித்த கம்பி 1.17.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா கரண்டியை வைத்துவிட்டு, "உதென்ன உந்தத் துண்டு? கொண்டா பாப்பம்" எண்டார்.

அப்பா 1986இல் நோர்வேக்கு வந்தவர். அதுக்கு முதல் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைப்பட்டறையில் பத்து வருஷம் வேலை. இங்கே வந்தபிறகு பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை, அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ தமிழரைப் போல. நான் 1989இல் பொட்ஸ்ஃபியோர்டில் பிறந்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ஸ்தொவ்னரில் குடியேறினோம். அப்பா தங்கத்தைத் திரும்பத் தொட்டதில்லை. ஆனால் சின்ன அரங்கள் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் துணியில் சுற்றி இருந்தன. ஃபோர்னெபு விமான நிலையத்தில் அந்த ரின்னைத் திறக்கச் சொன்ன கதையைச் சின்னனில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதுக்குள் என்ன இருக்கிறது எண்டு மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

ரின் வந்தது. எலிவால் அரம், முக்கோண அரம், கத்தி அரம், நெருப்புக்குச்சியை விட மெல்லிய ஒண்டு. நகை அறுக்கிற வாளின் அலகுகள் ஒரு கட்டு. அந்த அலகு கால் மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிய கம்பிக்குத் தேவையான அளவே அதுதான். ஆயிரம் குரோனர் தொகுப்பு எங்கட வீட்டில் நாற்பது வருஷமாகக் கிடந்திருக்கிறது.

முதலில் பழைய துண்டைக் கழற்ற வேணும். இதில்தான் பலர் கிற்றாரைக் காயப்படுத்துவது. நட்டுக்கும் மரத்துக்கும் மேலால் வார்னிஷ் ஒரு தோல் மாதிரி மூடியிருக்கும். அதைக் கூரான அலகால் நட்டைச் சுற்றிக் கீறி வெட்டாமல் தட்டினால், நட்டோடு சேர்ந்து மரச் செதிலும் வார்னிஷும் பெயர்ந்து வரும். அப்பா அரை மணித்தியாலம் கீறினார். பிறகு பக்கவாட்டில் ஒரு மரத்துண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லமாக ஒரு தட்டு, இன்னொரு தட்டு. நழுவி வந்தது. உள்ளே வெறும் பிளாஸ்ரிக், அடிப்பக்கம் கோறை. "பழசை எறிஞ்சு போடாத பிள்ளை, அதுதான் எங்களுக்கு அச்சு" எண்டார். அது எவ்வளவு பெரிய புத்தி எண்டு பிறகுதான் விளங்கியது. நீளம் 42 மில்லிமீற்றர், முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையில் 35, எல்லா அளவும் அதில் இருந்தது. தடிப்பு 3.2 மில்லிமீற்றர் எண்டு நான் வாசித்தேன். அப்பா தன்ர நகத்தால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நூல்" எண்டார். ஓடாவிமாரின் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஒண்டின்கீழ் எட்டு அங்குலம் எண்டால் 3.175 மில்லிமீற்றர். ஃபெண்டர் வகைக் கிற்றாரின் நட் இருக்கிற பள்ளமும் அதே அளவுதான்.

புதுத் துண்டுக்கு எதைப் போடுவது? பித்தளை போடலாம், டஸ்க் எண்டு கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் செய்கிற செயற்கைத் தந்தம் போடலாம். முந்தி உண்மையான யானைத் தந்தம் போட்டார்கள். தஞ்சாவூர் வீணைகளின் அலங்காரத்திலும் தந்தம் இருந்தது, இப்ப பிளாஸ்ரிக். அப்பா ஒரே சொல்லில் முடித்தார்: எலும்பு. குரொன்லாண்டில் இறைச்சிக் கடையில் மாட்டுக் கால் எலும்பு ஒண்டை நாற்பது குரோனருக்கு வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார். சமையலறையில் வைத்து அறுத்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவின் முகத்தை நீங்களே நினைத்துப் பாருங்கோ. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எலும்பு அராவுறியளோ?" வேலை அண்டைக்கு நிண்டது.

எப்படியும் அந்த எலும்பு உடனே உதவியிருக்காது. பச்சை எலும்புக்குள் கொழுப்பு இருக்கும். கொதிக்க வைத்து, கொழுப்பெடுத்து, கிழமைக் கணக்கில் காயவிட வேணும், இல்லாவிட்டால் மஞ்சளாகி மணக்கும். விழாவுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அதனால் காயவைத்துச் சதுரமாக அறுத்த எலும்புத் துண்டு ஒண்டைக் கடையில் வாங்கினேன். அப்பாவுக்கு அது கொஞ்சம் மனவருத்தம். மாட்டுக் கால் இப்பவும் அவரின் பல்கனியில் ஒரு சட்டிக்குள் இருக்கிறது.

எலும்பு போட்டால் சத்தமே மாறிவிடும் எண்டு நிறையப் பேர் சொல்லுவார்கள். அதை அவ்வளவாக நம்ப வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவேன். விரல் வைத்த உடனே கம்பியின் முனை பிரெட்தான், நட்டுக்கு அதில் வேலை இல்லை. வெறும் கம்பியை மீட்டும்போது மட்டும்தான் அது பேசும். எலும்பின் நன்மை வேறு. வைரமானது, கம்பி இலகுவில் அறுத்து இறங்காது, அராவினால் வெட்டு வழுவழுப்பாக வரும்.

கண்ணாடித் துண்டின் மேல் சாண்ட்பேப்பரை ஒட்டி, அதில் எலும்பைத் தேய்த்துத் தடிப்பைக் குறைத்தோம். வாய்க்கு மறைப்புக் கட்டவேணும், எலும்புத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. மணம் பல் வைத்தியரிடம் பல்லைக் குடையும்போது வருகிற அதே மணம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனால் எழும்பிப் போகாமல் இருந்தாள். தேய்ப்பதும் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பதும் திரும்பத் தேய்ப்பதும். விரலால் தள்ளினால் போய் இருக்க வேணும், கிற்றாரைக் கவிழ்த்தால் விழக்கூடாது. அந்த இடத்தைப் பிடிக்க ஒரு பின்னேரம் போனது.

வெட்டுகளுக்கு அடையாளம் போடும்போது நான் அடிமட்டத்தை எடுத்து 35ஐ ஐந்தால் பிரித்து, 7 மில்லிமீற்றருக்கு ஒண்டாகப் புள்ளி வைக்கப் போனேன். அப்பா பென்சிலைப் பறித்தார். "நடுவுக்கு நடு அளந்தா பிழைக்கும். கம்பியெல்லாம் ஒரே தடிப்பில்லை. இடைவெளியைப் பார்." கம்பி மாலையில் மணி கோர்க்கிறவரின் கண் அது. தடித்த கம்பிகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூட விட்டு, மெல்லிய பக்கம் கொஞ்சம் குறைத்துப் புள்ளி வைத்தார். பிறகு வாசித்துப் பார்த்தேன், தொழில் தெரிந்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அராவுகிறபோது அரத்தைத் தட்டையாகப் பிடிக்கக்கூடாது. தலைப் பக்கம் சரிவாக, கம்பி போகிற திசையில். கம்பி நட்டை விட்டு வெளிக்கிடுகிற கடைசி விளிம்பில், பிரெட் பக்கத்து விளிம்பில்தான், கம்பி தங்க வேணும். அதைவிட்டு வெட்டின் நடுவில் எங்கேயோ தங்கினால் கம்பி அந்தப் பரப்பில் உரசி உரசி இரையும். தம்புராவில் அதே இரைச்சலைத்தான் வேணுமெண்டு உண்டாக்குகிறார்கள், தட்டையான குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலை வைத்து. கிற்றாரில் அது நோய்.

இங்கேதான் ஒரு சிக்கல். அப்பாவுக்கு 67 வயது, காது மட்டு. அவருக்குக் கையும் கண்ணும் இருக்கிறது, சத்தம் இல்லை. மகளுக்குக் காது இருக்கிறது, தமிழ் காணாது. விளங்கும், பதில் நொர்ஸ்கில்தான் வரும். அப்பாவின் நொர்ஸ்க் மீன் தொழிற்சாலையில் படித்தது. குளிரறைக்கும் கத்திக்கும் அதில் சொல் இருக்கிறது, சுருதிக்கு இல்லை. நான் நடுவில் நிண்டு மொழிபெயர்த்தேன். இரண்டு நாளில் அலுத்துவிட்டது, மூன்றாம் நாள் வேலையால் வரப் பிந்திவிட்டேன்.

வந்து கதவைத் திறக்க உள்ளே ஒரே சொல் மாறி மாறிக் கேட்டது. "காணுமோ?" "காணாது." அரத்தின் சத்தம். கம்பியின் சத்தம். "இப்ப?" "கொஞ்சம்." அரம். "காணும்! காணும் அம்மப்பா, காணும்!" அவர்கள் மூன்றாவது பிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, முதல் பிரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது எண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் கடைசிச் சோதனை. அங்கே தலைமயிர் அளவு இடைவெளிதான் இருக்க வேணும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தட்டினால் மட்டும் "டிக்" எண்டு ஒரு சின்னச் சத்தம் வரும். அந்த டிக் அப்பாவுக்குக் கேட்காது. மகளுக்குக் கேட்கும். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் குசினிக்குள் போய்விட்டேன்.

எல்லாம் சரியாகப் போனது எண்டு எழுத ஆசை. மூன்றாவது கம்பியில் ஒரு தடவை கூட அராவிவிட்டார்கள். யார் எண்டு இரண்டு பேரும் இண்டைவரை சொல்லவில்லை. வெறுமனே மீட்டினால் கொசு மாதிரி இரைச்சல். மகளின் முகம் கறுத்துப் போனது. இன்னொரு எலும்பு வாங்கி முதலில் இருந்து தொடங்க நேரம் இல்லை.

இதுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வெட்டுக்குள் அப்பச்சோடாவைக் கொஞ்சம் நிரப்பி, அதன்மேல் சூப்பர் குளூ ஒரு சொட்டு. சோடா பட்ட உடனே பசை சூடாகிப் புகைந்து கல்லாக இறுகும். யன்னலைத் திறந்து வைக்க வேணும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. பிறகு திரும்ப அராவலாம். நான் அப்பச்சோடாவை எடுக்க, அப்பா தலையாட்டிவிட்டு, இவ்வளவு நாளும் ஒரு கடதாசியில் சேர்த்து மடித்து வைத்திருந்த எலும்புத் தூளை எடுத்தார். தங்க வேலையில் தூளை எறிகிற பழக்கம் இல்லை. எலும்புத் தூளும் பசையும் சேர்ந்தாலும் இறுகும், நிறமும் ஒத்துப்போகும். அப்படித்தான் அடைத்தோம். இந்த முறை அராவினது மகள். அப்பா அவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார், அரத்தைத் தொடவில்லை.

ஒட்டுவதுக்கு இரண்டு சின்னச் சொட்டுப் பசை காணும். கம்பியின் அழுத்தமே நட்டைப் பிடித்து வைத்திருக்கும். நிறைய ஊற்றினால் பத்து வருஷத்தில் இதை மாற்றப் போகிற ஆள் திட்டித் தீர்க்கும். கம்பிகளை மாட்டிச் சுருதி கூட்டும்போது "டிங்" எண்டு ஒரு சத்தத்தோடு சுருதி குதித்தால், வெட்டு கம்பியைக் கவ்விப் பிடிக்கிறது எண்டு அர்த்தம். வெட்டுக்குள் பென்சிலால் கரியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிப் போகும். எங்கட கிற்றாரில் நாலாவது கம்பி டிங் எண்டது. இரண்டு தரம் பென்சில் போட நிண்டுவிட்டது.

பிறகு ரியூனர். இரண்டாவது கம்பி, முதல் பிரெட்: 4 சென்ட். மற்றவை அதைவிட ஒண்டிரண்டு கூடக்குறைய. பூச்சியம் வராது, பிரெட் வைத்த வாத்தியத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் 4 சென்ட்டைக் கண்டுபிடிக்கிற மாமி ஸ்தொவ்னரில் இல்லை.

உங்கட வீட்டிலும் ஒரு கிற்றார் மூலையில் நிண்டால், பிள்ளை நிறுத்தப் போறன் எண்டு சொல்லுகிற வரை காத்திருக்காமல் ஒருக்காப் பாருங்கோ. வெறும் கம்பியைச் சுருதி கூட்டிவிட்டு, முதல் பிரெட்டை மெல்லமாக அழுத்தி ரியூனரைப் பாருங்கோ. அங்கே மட்டும் சுருதி கூடி, 12வது பிரெட்டில் சரியாக இருந்தால் நட்தான். கேப்போ போட்டுச் சரிவந்தாலும் அதேதான். பிள்ளை விரலைப் போட்டு அமத்துகிற பழக்கமும் சுருதியைக் கூட்டும், அதனால் அவளை விட்டுவிட்டு நீங்களும் ஒருதரம் அழுத்திப் பார்க்க வேணும். பல நேரம் நட்டையே மாற்றத் தேவையில்லை, இருக்கிற வெட்டைக் கொஞ்சம் அராவினாலே போதும். எங்கடது கோறைப் பிளாஸ்ரிக், அதில் வெடிப்பும் இருந்தது, அதனால்தான் மாற்றினோம். இன்னொண்டு, எங்களை மாதிரிக் குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு. மாரியில் ஹீற்றர் வீட்டுக் காற்றைக் காயவைத்துவிடும், மரம் சுருங்கும், பிரெட்டின் முனைகள் விரலைக் கீறும். வெளியில் இருந்து கொண்டுவந்த கிற்றாரை உடனே திறக்காமல், பைக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கோ. ஹீற்றருக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கவே வேண்டாம்.

விழா ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. மண்டபத்துக்குள் சூடு, வெளியில் இன்னும் அழுக்குப் பனி. மகள் மேடைக்குப் போக முதல் என்னிடம் வந்து, செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு இனித் தன்ர கிற்றாரைக் கொண்டுபோகலாமா எண்டு கேட்டாள். பாரம் எண்டேன். பரவாயில்லை எண்டாள்.

அப்பா முதல் வரிசையில், காதுக் கருவியை இரண்டு தரம் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஒரு இடத்தில் விரல் தடுமாறி, நிறுத்தி, திரும்ப எடுத்தாள். மாமிமார் தலையைத் தூக்கவில்லை. அப்பா என்ர பக்கம் சாய்ந்தார்.

"மூண்டாவது கம்பி இரையுதோ?"

"இல்லை அப்பா."

"வடிவாக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். இரையவில்லை.